டேட்டாபேஸுக்கு மைனஸ் 20 போடறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பத்திரிகையில வர்ற கணினிப் பக்கத்தை விடாம படிக்கிறவன் நான். போன வாரம் அதுல வந்த ஒரு சின்னக் குறிப்பைப் பத்திதான் இந்தக் கடிதம். டேட்டாபேஸ் சர்வர் மந்தமா இருந்தா அந்த பிராசஸோட, அதாவது ஓடிக்கிட்டிருக்கற அந்த புரோகிராமோட, நைஸ் மதிப்பை (சிபியு நேரம் வாங்கறதுல அதுக்கு இருக்கற முன்னுரிமையை) மைனஸ் 20 ஆக்கிடுங்க, வேகம் கூடிடும்னு நாலே வரியில போட்டிருந்தீங்க. எழுதினவர் நல்ல எண்ணத்துலதான் எழுதியிருப்பார், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அதையே ஒரு காலத்துல செஞ்சு ஒரு ராத்திரி முழுக்க அவதிப்பட்டவன் நான், இப்ப அதே வரி அச்சுல வந்து அதை யாரோ ஒரு புதுப் பையன் ரூட் பாஸ்வேர்டோட, அதாவது மெஷினோட முழு அதிகாரத்தோட, உக்காந்து டைப் பண்ணப்போறான்னு நெனச்சா மனசு கேக்கல, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நடந்ததை முதல்ல சொல்லிடறேன். அப்ப நான் வேலை பார்த்த இடத்துல போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ் ஓடற ஒரு சர்வர், எட்டு கோர் (எட்டு சிபியு மாதிரி), பக்கத்துலயே அது விழுந்தா பொறுப்பை எடுத்துக்க ஒரு ஸ்டாண்ட்பை மெஷின். பகல்ல எல்லாரும் ஸ்லோ ஸ்லோன்னு போன் பண்றாங்க. நாங்க உடனே ரூட்டா உள்ள போயி டேட்டாபேஸோட எல்லா பிராசஸுக்கும் ரீநைஸ்னு நைஸை மாத்தற கமாண்டைப் போட்டு மைனஸ் 20 ஆக்கினோம். ஒரு மாத்தமும் இல்ல. வேகமும் கூடல, எதுவும் கெடவும் இல்ல. அதுதான் மோசமாப் போச்சு, ஏன்னா ஒண்ணும் கெடலயே, இருந்துட்டுப் போகட்டும்னு ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்லயே அந்த மைனஸ் 20-ஐ எழுதி வெச்சுட்டு மறந்தே போயிட்டோம். மாசக் கடைசி வந்துச்சு, கணக்கு முடிக்கிற பெரிய பெரிய குவெரி, அதாவது டேட்டாபேஸ் கிட்ட கேக்கற கேள்வி, எல்லாம் ஒரே நேரத்துல ஓட ஆரம்பிச்சுது, எட்டு கோரும் ஃபுல். அப்ப ரெண்டு மெஷினுக்கும் நடுவுல நான் உயிரோட இருக்கேன்னு செகண்டுக்கு ஒரு தடவை சொல்லிக்கிட்டே இருக்கற ஹார்ட்பீட் பிராசஸுக்கு சிபியு கெடைக்கல. ஸ்டாண்ட்பை என்ன நெனைக்கும், மெயின் மெஷின் செத்துப்போச்சுன்னுதான நெனைக்கும், அது பொறுப்பைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிச்சு. ஓடிக்கிட்டிருந்த டிரான்ஸாக்ஷன் அத்தனையும் ரோல்பேக், அதாவது பாதியில ரத்து, கடைசி சில செகண்ட்ல கமிட் ஆகி உறுதியான எண்ட்ரிகளும் ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேரல. நாங்க லாகின் பண்ணி என்ன ஆச்சுன்னு பாக்கலாம்னா தூரத்துல இருந்து உள்ள போற வழியான எஸ்எஸ்ஹெச்சே திறக்க மாட்டேங்குது. மறுநாள் காலையில அந்த எண்ட்ரியை எல்லாம் உக்காந்து திரும்பப் போட்டவங்க நாங்க இல்ல, கவுண்டர்ல இருக்கறவங்க. அந்த மூஞ்சிங்களை நான் இன்னும் மறக்கல.

ஏன் இப்படி ஆச்சுன்னு புரியணும்னா நைஸ்னா என்னன்னு பாக்கணும். அந்தப் பேரே தலைகீழா இருக்கும். நைஸ்னா அடுத்தவனுக்கு விட்டுக் கொடுக்கற குணம், அதனால நம்பர் பெருசாக ஆக அந்த பிராசஸ் வழிவிட்டு ஒதுங்கி நிக்கும், நம்பர் கீழ போகப் போக முண்டியடிச்சு முன்னாடி வரும். லினக்ஸ்ல மைனஸ் 20-ல இருந்து பிளஸ் 19 வரைக்கும், ஒண்ணும் சொல்லலன்னா 0. சாதாரண யூசர் தன் பிராசஸைப் பின்னாடி தள்ளிக்கலாம், முன்னாடி கொண்டு வர்றதுக்கு ரூட் அதிகாரம் வேணும், அந்த கட்டுப்பாடு சும்மா வெக்கல.

உள்ள கர்னல், அதாவது ஆபரேடிங் சிஸ்டத்தோட மையம், என்ன பண்ணுதுன்னா ஒவ்வொரு நைஸ் எண்ணுக்கும் ஒரு எடை வெச்சிருக்கு. 0-க்கு 1024. ஒரு படி ஏறினாலோ இறங்கினாலோ சுமார் ஒண்ணேகால் மடங்கு மாறும். 5-க்கு 335, 10-க்கு 110, 19-க்கு வெறும் 15. அந்தப் பக்கம் மைனஸ் 20-க்கு 88761. 2007-ல 2.6.23 கர்னல்ல சிஎஃப்எஸ்னு ஒரு ஷெட்யூலர், அதாவது யாருக்கு எப்ப சிபியுன்னு முடிவு பண்ற பகுதி, வந்தப்ப இருந்த இந்தக் கணக்கு, 2023-ல 6.6-ல ஈஈவிடிஎஃப்னு வேற ஷெட்யூலருக்கு மாறினப்பவும் அப்படியேதான் தொடருது. ஒரே கோர்ல ரெண்டு பிராசஸ் மோதுதுன்னா, ஒண்ணு 0, இன்னொண்ணு 5, அப்ப முக்கால் பங்கு முதல்துக்கு, கால் பங்கு ரெண்டாவதுக்கு. இதுல ஒரு வார்த்தையைக் கவனிக்கணும், மோதுதுன்னா. போட்டிக்கு ஆள் இல்லன்னா 19-ல இருக்கற பிராசஸும் முழு கோரையும் எடுத்துக்கும், மைனஸ் 20-ல இருக்கறதும் அதே முழு கோரைத்தான் எடுத்துக்கும், அதுக்கு மேல எடுக்க அங்க ஒண்ணும் இல்ல.

இப்ப எங்க மெஷினுக்கு வருவோம். ஒரு கோர்ல அஞ்சு குவெரி மைனஸ் 20-ல ஓடுது, அதே கோர்ல 0-ல ஒரு சாதாரண பிராசஸும் சிபியு கேட்டு நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. பங்கு போட்டா அந்த சாதாரண பிராசஸுக்கு செகண்டுக்கு ரெண்டு மில்லிசெகண்ட் சொச்சம்தான் வரும். அதுல ஹார்ட்பீட் எங்க துடிக்கும். கோரோசின்க் மாதிரி, பல மெஷினை ஒண்ணா சேர்த்து ஓட்டற கிளஸ்டர் சாஃப்ட்வேர் தன்னை ரியல்டைம் முன்னுரிமையில, அதாவது எந்த நைஸுக்கும் மேல இருக்கற வரிசையில, வெச்சுக்கறதே இதுக்குத்தான், எங்க ஹார்ட்பீட்டு நாங்களே எழுதின ஸ்கிரிப்ட், அதுக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல. ஹார்ட்பீட் மட்டும்னு இல்ல, நெட்வொர்க் பாக்கெட் குவிஞ்சா அதை எடுத்துக் கையாள்ற கேசாஃப்ட்ஐஆர்க்யூன்னு ஒரு கர்னல் திரெட் இருக்கு, அதுவும் சாதாரண 0 நைஸ்லதான் ஓடும். டேட்டாபேஸ் கிட்ட வந்து சேர வேண்டிய கேள்வியையே கொண்டு வந்து குடுக்கறவனைப் பின்னாடி தள்ளிட்டு டேட்டாபேஸை முன்னாடி நிறுத்தினா என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

இதுதான் ஐயா நான் சொல்ல வந்ததோட மையம். டேட்டாபேஸுக்குன்னே ஒதுக்கின சர்வர்ல சிபியு தின்றது தொண்ணூறு பங்குக்கு மேல டேட்டாபேஸேதான். அங்க குவெரி போட்டி போடறது இன்னொரு குவெரியோட. எல்லாத்தையும் ஒண்ணா மைனஸ் 20-க்குத் தூக்கினா அதுங்களுக்குள்ள இருக்கற வரிசை துளிகூட மாறாது, பழைய குப்பையைச் சுத்தம் பண்ற ஆட்டோவாக்யூம், மாத்தங்களை டிஸ்க்ல எழுதற செக்பாயிண்டர் எல்லாமே தாய் பிராசஸ் கிட்ட இருந்து அதே நைஸை வாங்கிக்கிட்டுத்தான் பொறக்கும். அப்ப யார் கிட்ட இருந்து பிடுங்கறோம்? எஸ்எஸ்ஹெச், மானிட்டரிங், ஹார்ட்பீட், நடந்ததைப் பதிவு பண்ணி லாக் எழுதறவன், கர்னலோட கூலிக்காரங்க, இவங்க கிட்ட இருந்துதான். இவங்க மொத்தமா சேர்ந்து தின்றதே ரெண்டு மூணு பர்சென்ட், அதைப் பிடுங்கி டேட்டாபேஸுக்குக் குடுத்தா அதுக்கு ஒண்ணும் தெரியாது, இவங்களுக்கோ உயிரே போயிடும்.

இந்தப் பாடம் லினக்ஸுக்கு மட்டும் இல்ல. விண்டோஸ் எஸ்கியூஎல் சர்வர்ல பிரையாரிட்டி பூஸ்ட்னு ஒரு செட்டிங் இருந்துச்சு, போட்டா அடிப்படை முன்னுரிமை 7-ல இருந்து 13-க்கு ஏறும். மைக்ரோசாஃப்டே தன்னோட ஆவணத்துல அதைப் போடாதீங்க, ஆபரேடிங் சிஸ்டத்துக்கும் நெட்வொர்க்குக்கும் வேண்டியதை அது உறிஞ்சிடும், சர்வரை ஷட்டவுன் பண்றதுக்கே சிக்கல் வரலாம்னு எழுதி வெச்சிருக்காங்க, அந்த வசதியையே எடுக்கப் போறோம்னும் அறிவிச்சுட்டாங்க. உண்டாக்கினவங்களே வேண்டாம்னு சொன்னதை நாம ஏன் குறிப்பா போடணும்.

சரி, அன்னைக்குப் பகல்ல மைனஸ் 20 போட்டும் ஏன் வேகம் கூடல? அதையும் சொல்றேன், ஏன்னா உங்க வாசகர்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் நடக்கும். எங்க குவெரி எல்லாம் சிபியுக்காகக் காத்திருக்கவே இல்ல, டிஸ்குக்காகக் காத்திருந்துச்சு. பகல்லயே யாரோ ஒரு முழு பேக்கப்பை ஓட விட்டிருந்தாங்க. நைஸ்ங்கறது சிபியு வாசல்ல நிக்கிற வரிசையை மட்டும் மாத்தற விஷயம், டிஸ்க் வாசல்ல நிக்கிறவனுக்கு அதுனால ஒண்ணும் ஆகாது, இன்னொரு டிரான்ஸாக்ஷன் பிடிச்சு வெச்சிருக்கற ரோ லாக்குக்காக (ஒரு வரியை மத்தவங்க மாத்தாம இருக்கப் போடற பூட்டுக்காக) காத்திருக்கறவனுக்கும் ஒண்ணும் ஆகாது, கமிட் பண்ணி அதோட பதிவை டிஸ்க்ல எழுதி முடியட்டும்னு நிக்கிறவனுக்கும் ஆகாது. விஎம்ஸ்டாட்னு மெஷின் நிலவரம் காட்டற கமாண்டை ஓட விட்டு ஒரு நிமிஷம் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், முதல் காலம் ஆர், அதாவது சிபியு கேட்டு நிக்கிறவங்க எண்ணிக்கை, அது கோர் எண்ணிக்கையை விடக் கம்மியா இருந்துச்சு, பக்கத்துல பி காலம், அதாவது டிஸ்குக்காக உறைஞ்சு நிக்கிறவங்க எண்ணிக்கை, ஏறிக்கிட்டே இருந்துச்சு, அந்தக் கடைசிப் பக்கம் டபிள்யூஏ, அதாவது டிஸ்குக்காகக் காத்து சிபியு சும்மா இருந்த நேரம், நாப்பது பர்சென்டைத் தாண்டி. நாங்க லோட் ஆவரேஜ்ங்கற சராசரி சுமை எண்ணை மட்டும் பாத்து ஏமாந்தோம். லினக்ஸ்ல லோட் ஆவரேஜ் டிஸ்குக்காக உறைஞ்சு நிக்கிற பிராசஸையும் சேர்த்து எண்ணும், அதனால லோட் முப்பதுன்னா சிபியு பத்தலன்னு அர்த்தமே இல்ல. போஸ்ட்கிரெஸ்ல பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டிங்கற பட்டியல்ல வெயிட் இவெண்ட்னு ரெண்டு காலம் இருக்கு, ஒவ்வொருத்தனும் எதுக்காக நிக்கறான்னு அதுவே சொல்லும். 4.20 கர்னலுக்கு மேல வெச்சிருக்கறவங்க ப்ரோக் உள்ள பிரஷர்ங்கற ஃபோல்டரைத் திறந்து பாக்கலாம், சிபியு, மெமரி, ஐஓ (டிஸ்க்ல படிக்கறது எழுதறது) மூணுக்கும் தனித்தனியா எவ்ளோ நேரம் காத்திருந்து வீணாப் போச்சுன்னு பர்சென்ட் கணக்கிலயே போட்டிருக்கும். விர்ச்சுவல் மெஷினா இருந்தா விஎம்ஸ்டாட்ல எஸ்டி காலத்தையும் பாருங்க, பக்கத்து மெஷின் உங்க சிபியுவைத் தின்னுக்கிட்டிருந்தா உள்ள எந்த நைஸ் போட்டும் அது திரும்ப வராது.

இதுல இன்னொரு பிடி இருக்கு. ரொம்பப் பேர் பேக்கப்பை மெதுவா ஓட வைக்கறேன்னு பிஜி டம்ப்ங்கற பேக்கப் கமாண்டுக்கு முன்னாடி நைஸ் 19 போடுவாங்க, நானும் வருஷக்கணக்கா போட்டிருக்கேன். ஆனா பிஜி டம்ப் ஒரு கிளையண்ட், அதாவது வெளிய இருந்து டேட்டாபேஸைக் கேக்கற புரோகிராம். டேபிளைப் படிச்சு எடுத்துக் குடுக்கற வேலையை செய்யறது சர்வர் பக்கம் பொறக்கற பேக்கெண்ட் பிராசஸ், அது தாய் பிராசஸோட நைஸ்லதான் ஓடும், நீங்க டைப் பண்ணின 19 அதுக்குத் தெரியவே தெரியாது. டம்ப்பை கம்ப்ரெஸ் பண்ற வேலை மட்டும் கிளையண்ட் பக்கம் நடக்கும், அதுக்கு அந்த நைஸ் உபயோகப்படும். குவெரி டைப் பண்ற பிஎஸ்கியூஎல்லை நைஸ் போட்டு ஓட்டறதும் இதே கதைதான்.

அப்போ அந்த பேக்கெண்டையே தேடிப் பிடிச்சு 19-க்குத் தள்ளிடலாமேன்னு கேப்பீங்க. ரிப்போர்ட் ஓட்டற ஒரு குவெரியைப் பின்னாடி தள்ளிட்டா மத்தவங்களுக்கு வழி கெடைக்குமேன்னு தோணும். போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு தனி பிராசஸ்ங்கறதால கையால செஞ்சு பாக்க ரொம்ப ஆசையா இருக்கும், ஆனா எனக்குப் பயமா இருக்கற இடமே இதுதான். அந்த பேக்கெண்ட் உள்ள ஏதோ ஒரு பொது லாக்கைக் கையில பிடிச்ச நேரத்துல கர்னல் அதை சிபியுல இருந்து இறக்கிட்டுதுன்னு வெச்சுக்குவோம். சிபியு ஃபுல்லா இருக்கு, இதோட எடை 15, மத்தவங்களோடது 1024. அது திரும்ப ஏறி அந்த லாக்கை விடற வரைக்கும், அந்த லாக் வேணுங்கற அத்தனை பேரும், எவ்ளோ உயர்ந்த முன்னுரிமையில இருந்தாலும், நின்னுதான் ஆகணும். கடைசியில நிக்கறவன் கையில சாவி இருந்தா முன்னாடி நிக்கறவன் முன்னாடி நின்னு என்ன பண்ணுவான். இதுக்கு பிரையாரிட்டி இன்வெர்ஷன்னு பேரு. 1997 ஜூலை 4 அன்னைக்கு செவ்வாய் கிரகத்துல இறங்கின நாசாவோட பாத்ஃபைண்டர் தன்னால திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதுக்கு இதுதான் காரணம். தாழ்ந்த முன்னுரிமையில வானிலைத் தகவல் எடுக்கற வேலை ஒண்ணு பொதுவான லாக்கைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு, நடுத்தர முன்னுரிமை வேலை ஒண்ணு குறுக்க வந்து அதை ஓட விடல, உயர்ந்த முன்னுரிமை வேலை லாக்குக்காகக் காத்துக் கெடந்துச்சு, வேலை நேரத்துக்கு முடியலயேன்னு கண்காணிப்பு மெக்கானிசம் மொத்தத்தையும் ரீசெட் பண்ணிடுச்சு. அதுல ஓடின விஎக்ஸ்வொர்க்ஸ் ஆபரேடிங் சிஸ்டத்துல, லாக்கை வெச்சிருக்கறவனுக்குக் காத்திருக்கறவனோட முன்னுரிமையைக் குடுக்கற பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்னு ஒரு வசதி அந்த லாக்குக்கு ஆஃப் ஆகியிருந்துச்சு, பூமியில இருந்தே அதை ஆன் பண்ணி சரி பண்ணினாங்க. டேட்டாபேஸ் தனக்குள்ள வெச்சிருக்கற லாக்குக்கு அந்த ஸ்விட்ச் கெடையாது, அதை யார் பிடிச்சிருக்காங்கன்னு கர்னலுக்குத் தெரியாது, தெரியாததால தூக்கி விடவும் முடியாது. ரிப்போர்ட்டைப் பின்னாடி தள்ளி வெச்சா பெரும்பாலான நாள் ஒண்ணும் ஆகாம ஓடும், அதை ஒத்துக்கறேன், சிபியு நிரம்பற அந்த ஒரு நாள்தான் கழுத்தைப் பிடிக்கும்.

முன்னுரிமையை எங்கயுமே தொடக் கூடாதுன்னு நான் சொல்ல வரல. ஒரே டேட்டாபேஸைப் பல மெஷின்ல ஓட்டற ஆரக்கிள் ஆர்ஏசியில எல்எம்எஸ்னு பிராசஸ் இருக்கு, ஒரு மெஷின்ல இருந்து இன்னொரு மெஷினுக்கு டேட்டா பிளாக் அனுப்பற வேலை, அதை அவங்களே ரியல்டைம்ல ஓட விடறாங்க, ஏன்னா அது தாமதிச்சா மொத்த கிளஸ்டரும் தாமதிக்கும். ஆனா பாருங்க, உள்ள இருக்கற லாக் எல்லாம் தெரிஞ்ச தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஒரு பிராசஸைத் தேர்ந்தெடுத்துப் பண்றது வேற, வெளிய நின்னு நாம மொத்தத்தையும் தூக்கறது வேற. மைஎஸ்கியூஎல்ல எல்லாம் ஒரே பிராசஸ்குள்ள திரெட்டா, அதாவது தனித்தனி வேலை இழையா, இருக்கும், அங்க 8.0-ல இருந்து ரிசோர்ஸ் குரூப்னு டேட்டாபேஸ் வழியாவே திரெட்டுக்கு முன்னுரிமை குடுக்கலாம், அதுலயும் யூசர் வேலைக்கு 0-ல இருந்து 19 வரைக்கும்தான் விடுவாங்க, அதாவது பின்னாடி தள்ளலாம், முன்னாடி இழுக்க முடியாது. சரியான முடிவுன்னு நான் நெனைக்கறேன்.

அதனால நான் இப்பல்லாம் செய்யறது, டேட்டாபேஸை அது இருக்கற இடத்துலயே விட்டுட்டு சுத்தி இருக்கறவங்களைப் பின்னாடி தள்றது. லாக் ஃபைலை ஜிப் பண்றது, பேக்கப் காப்பி எடுக்கறது, வைரஸ் ஸ்கேன், இதுக்கெல்லாம் நைஸ் 19, கூடவே டிஸ்க் வாசல் வரிசையை மாத்தற ஐஓநைஸ்ல மூணாவது வகுப்பு, ஐடில். ஆனா ஐஓநைஸ் போட்டுட்டோம்னு நிம்மதியா இருந்துடாதீங்க, டிஸ்க்கோட ஷெட்யூலர் எதுன்னு பாருங்க, பிஎஃப்கியூ இருந்தா நல்லா வேலை செய்யும், என்விஎம்ஈ டிஸ்க்குக்கு வழக்கமா 'நன்', அதாவது ஷெட்யூலரே இல்லன்னு இருக்கும், அங்க கர்னல் அந்த முன்னுரிமையைக் கண்டுக்காம அப்படியே அனுப்பிடும். வாக்யூம் தொல்லை குடுத்தா அதுக்கு நைஸ் வேண்டாம், டேட்டாபேஸ்லயே காஸ்ட் டிலேன்னு நடுநடுவுல நிறுத்தி ஓட வைக்கற செட்டிங் இருக்கு, ஆட்டோவாக்யூமுக்கு 20 மில்லிசெகண்டா இருந்ததை போஸ்ட்கிரெஸ் 12-ஆவது வெர்ஷன்ல 2-ன்னு ஆக்கினாங்க, டிஸ்க் திணறினா அதைக் கூட்டிப் பாருங்க. அது முக்கியமான லாக்கைப் பிடிச்சுக்கிட்டு தூங்காத மாதிரி உள்ள இருக்கறவங்க யோசிச்சு எழுதினது.

ஒரே மெஷின்ல டேட்டாபேஸும் வேற அப்ளிகேஷனும் சேர்ந்து ஓடுது, நெஜமாவே சிபியுக்கு அடிச்சுக்குதுன்னா சர்வீஸ்களை நிர்வகிக்கற சிஸ்டம்டில சிபியு வெயிட் போடுங்க. எல்லாருக்கும் 100, போடக்கூடியது 1-ல இருந்து 10000 வரைக்கும். டேட்டாபேஸ் சர்வீஸுக்கு 300 குடுத்தா மொத்தக் குடும்பமும் ஒரே குழுவா இருந்து பக்கத்து சர்வீஸைப் போல மூணு மடங்கு பங்கு வாங்கும், உள்ள இருக்கற பிராசஸுங்களுக்குள்ள ஏத்தத்தாழ்வு வராது, லாக் தகராறும் வராது. நைஸை விட இது மேல்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இப்படி குரூப் பிரிச்சுட்டா ஒரு பிராசஸோட நைஸ் அந்த குரூப்புக்குள்ளதான் செல்லும், வெளிய இருக்கறவனோட மோதும்போது செல்லாது. 2.6.38 கர்னல்ல வந்த, செஷன் செஷனா தானா குரூப் பிரிக்கற ஆட்டோகுரூப் ஆன்ல இருந்தாலும் இதே மாதிரிதான், ஒரே செஷன்ல இருக்கறவங்களுக்குள்ள மட்டும்தான் நைஸுக்கு மதிப்பு. ரீநைஸ் போட்டேன், டாப் கமாண்ட்ல நைஸைக் காட்டற என்ஐ காலம்கூட மாறிடுச்சு, ஆனா ஒண்ணும் நடக்கலயேன்னு குழம்பறவங்க பல பேருக்கு விடை இதுல இருக்கு.

மெமரி விஷயத்தையும் ஒரு வரி சொல்லிடறேன், ஏன்னா முன்னுரிமை ஏத்தி வெச்சா மெமரி தீர்ந்தாலும் கர்னல் டேட்டாபேஸைக் கொல்லாதுன்னு ஒரு நம்பிக்கை ஓடுது. அது தப்பு. மெமரி தீர்ந்தா யாரைக் கொல்றதுன்னு முடிவு பண்ற ஓஓஎம் கில்லர் பாக்கறது வேற எண், ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட், மைனஸ் 1000-ல இருந்து 1000 வரைக்கும். போஸ்ட்கிரெஸ் ஆவணமே தாய் பிராசஸுக்கு மைனஸ் 1000 போடச் சொல்லுது, குழந்தைங்களுக்குத் திரும்ப 0 ஆக்கிடணும், இல்லன்னா தப்பா மெமரி தின்ற குவெரியையும் கொல்ல முடியாமப் போயிடும். ரியல்டைம் ஃபிஃபோங்கற, எந்த நைஸுக்கும் மேலான அந்த முன்னுரிமையைப் பத்திக் கேக்கறவங்களுக்கு, டேட்டாபேஸ்ல கை வெக்கவே வெக்காதீங்க. ரியல்டைம் வேலை பத்து லட்சம் மைக்ரோசெகண்டுக்கு ஒம்பது லட்சத்து அம்பதாயிரத்தைத்தான் எடுத்துக்கலாம்னு லினக்ஸ் ஒரு வேலி போட்டு வெச்சிருக்கு, அந்த மிச்ச அஞ்சு பர்சென்ட்ல மெஷினைக் காப்பாத்தறது எவ்ளோ கஷ்டம்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

உங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான் ஐயா. அடுத்த வாரம் அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல, அந்த நாலு வரிக்குப் பதிலா இதைப் போடுங்க: முதல்ல விஎம்ஸ்டாட் ஓட்டுங்க, ஆர் காலம் கோர் எண்ணிக்கையைத் தாண்டலன்னா நைஸைத் தொடாதீங்க, தாண்டினா டேட்டாபேஸ் இல்லாத வேலைங்களை 19-க்குத் தள்ளுங்க. ஏற்கனவே போன வாரக் குறிப்பைப் பாத்து மைனஸ் 20 போட்டவங்க இன்னைக்கே திரும்ப 0 ஆக்கிட்டு, ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டையும் ஒரு தடவை திறந்து பாருங்கன்னு சேர்த்துப் போடுங்க. மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
ஒரு டேட்டாபேஸ் நிர்வாகி